காதுக்குள் ஒரு சங்கு

"டாக்டர், அந்தச் சுருளைக் கொஞ்சம் பெருசாக்குங்களேன்," என்றேன். திரையில் எங்கள் எட்டு மாத மகளின் உள்காது சங்குபோல் சுருண்டிருந்தது. கோயில் விமானம், சூரியகாந்தி, நத்தை ஓடு என்று எதைப் பார்த்தாலும் அளந்து, ஒன்று புள்ளி ஆறு என்ற பொன்விகிதம் தேடுகிறவன் நான். பையிலிருந்த இரும்பு ஸ்கேலைத் திரையில் வைத்தேன்.

"ஒன்னு புள்ளி ஆறு! கோயில்ல வர்ற அதே கணக்கு டாக்டர்!"

"எங்க ஆரம்பிச்சு அளக்குறீங்களோ அதுக்குத் தக்கபடி வரும் சார். சுருள்ல ஒரு குறையும் இல்ல. சத்தத்தை மூளைக்குக் கொண்டுபோற நரம்புதான் பாப்பாவுக்கு உருவாகவே இல்ல."

"ஸ்கேலை எடுப்பா, போதும்," என்றாள் மனைவி தேன்மதி. குரலில் கோபம்கூட இல்லை.

இன்னொரு இடத்தில் தொடங்கி அளந்தேன். ஒன்று புள்ளி ஒன்பது வந்தது. கை நழுவி ஸ்கேல் தரையில் விழுந்த சத்தத்தில் மூவரும் திடுக்கிட்டோம். மகள் மட்டும் திரையின் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து எடுத்து, பழைய எண் வரும்வரை ஸ்கேலை நகர்த்தினேன்.

"இப்பப் பாருங்க, அப்படியே பொருந்துது. கணக்கு இவ்வளவு சரியா இருந்தா காது கேக்கணுமா இல்லையா? நீங்க என்ன நினைக்கிறீங்க டாக்டர்?"