மாற்றி எழுதிய படிவம்

பூங்காவனத்தின் இதயத் துடிப்புக் கருவியில் இருப்பது 8085 என்ற கணினிச் சில்லு. அவள் கணவர் ஏகாம்பரத்தின் கருவியில் இருப்பது 6502. கருவிகளை விற்ற கம்பெனி இழுத்து மூடிவிட்டது. புதுக் கணினிகளோ, அவ்வளவு பழைய சில்லோடு பேசுவது கௌரவக் குறைச்சல் என்று ஒதுங்கிக்கொண்டன. சில்லுக்குச் சில்லு மாறும் அசெம்பிளி என்ற கணினி மொழியை அவரவர் கருவிக்கு அவரவரே கற்று, மாதம் ஒருமுறை துடிப்பைத் திருத்திக்கொள்ள வேண்டியதுதான். திருத்தாமல் இன்னும் மூன்று வருடம் ஓடும், பிறகு நின்றுவிடும். எழுபது வயது மண்டையில் அதற்குள் ஒரு மொழிதான் ஏறும்.

"உன்னோடதையே எழுது, எனக்காகப் பாக்காத" என்று பயிற்சி நிலையம்வரை சொல்லிக்கொண்டே வந்தார் ஏகாம்பரம்.

"எனக்கென்ன கிறுக்கா?" என்றவள், அங்கே சேர்க்கைப் படிவத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, கற்க வேண்டிய மொழிக்கு 6502 என்று எழுதினாள்.

கவுன்ட்டர் பெண் இரண்டு படிவங்களையும் அவர்களின் கருவி அட்டைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். "அம்மா, மாத்தி எழுதிட்டீங்களா? ஐயா 8085ன்னு போட்டிருக்காரு."

பூங்காவனம் திரும்பினாள். ஏகாம்பரம் சுவரிலிருந்த பழைய காலண்டரை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"சரியாத்தாம்மா எழுதியிருக்கோம்" என்றாள் பூங்காவனம்.

"ஒருத்தர் போயிட்டா இன்னொருத்தர் மெஷினுக்கு ஆளே இல்லையே?"

பூங்காவனம் இரண்டு படிவங்களையும் அவள் பக்கமே நகர்த்தி வைத்தாள். அந்தப் பெண் முத்திரை குத்தினாள்.

படியிறங்கும்போது பூங்காவனம் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு முன்னாடி போயிடாதீங்க."

"அது இனிமே உன் கையிலதான் இருக்கு" என்றார் ஏகாம்பரம். "ஒழுங்கா படி."