நடுவில் விட்ட இடம்

"கண்ணை மூடிக்கங்கண்ணே" என்று மலையாண்டியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, சூரியபிரகாஷ் திரையைத் திருப்பினான்.

பனிமலை. கீழே கண்ணாடி மாதிரி ஒரு பட்டை. சுட்டியைப் பக்கத்தில் கொண்டுபோனால், அதிலிருந்த ஐகான்கள் ஒவ்வொன்றாகப் பெருத்து வணக்கம் வைத்தன.

உள்ளே இருப்பது விண்டோஸ்தான். ஆனால் மேக் கம்பெனிக்காரனே பார்த்தாலும் தன் பிள்ளை என்று தூக்கிக் கொஞ்சுவான்.

சூரியபிரகாஷின் கடை பழங்காநத்தத்தில், எட்டுக்குப் பத்து அடி. விசிட்டிங் கார்டில் 'டெஸ்க்டாப் ஆர்க்கிடெக்ட்'. அவனுடைய சொந்தக் கணினிகள் மூன்று. மேக், பழைய விண்டோஸ் வேஷத்தில் இருக்கும். லினக்ஸ், மேக் வேஷத்தில். விண்டோஸ், லினக்ஸ் வேஷத்தில். வட்டச் செயலாளரின் தலையைக் குதிரைவீரனின் உடம்பில் ஒட்டி ஃபிளெக்ஸ் வைக்கிற ஊரில் இதற்கு மரியாதை உண்டு.

மலையாண்டிக்குப் பேரையூரில் ஜெராக்ஸ் கடை. காலையில் கணினிப் பெட்டியைத் தூக்கிவந்தபோது அவர் சொன்னது ஒன்றுதான். மெதுவாக ஓடுகிறது, அதை மட்டும் பாருங்கள். முகப்புத் திரையில் கை வைக்க வேண்டாம்.

வைக்காமல் எப்படி இருப்பது?

ஒரிஜினல் இல்லாத விண்டோஸ் என்பதால் திரை கறுத்துப்போயிருந்தது. பட்டா, சிட்டா, ஆதார், 'மூன்றாம் ஆண்டு நி...' என்று நாற்பது ஐகான்கள் ஓரங்களில் முட்டி மோதிக்கொண்டு கிடந்தன. நடுவில் மட்டும் பெரிய காலி இடம். படிக்கட்டில் ஆள் தொங்க, உள்ளே சீட் காலியாகப் போகும் பஸ் போல.

அதை ஒரு படம் எடுத்து வாட்ஸாப் ஸ்டேட்டஸில் போட்டான். 'சிகிச்சைக்கு முன்.' அழுது சிரிக்கும் முகங்கள் பதினொன்று வந்தன.

பிறகு ஒரே கிளிக்கில் எல்லாவற்றையும் பெயர் வரிசையில் அடுக்கினான். அடுக்கியதைத் திரும்பக் கலைக்க வழி கிடையாது. ஆர்க்கிடெக்டுக்கு அது தெரியும். கலைத்துத் தரச் சொல்லி யார் கேட்கப்போகிறார்கள்?

மலையாண்டி பனிமலையை வெகுநேரம் பார்த்தார்.

"பழையபடி ஆக்கிக் குடுங்க தம்பி."

"பழையபடின்னா வெறும் கறுப்புண்ணே. அதுல என்ன இருந்துச்சு?"

அவன் முணுமுணுத்துக்கொண்டே கறுப்பைப் போட்டான்.

மலையாண்டி சுட்டியைப் பிடித்தார். ஒவ்வொரு ஐகானாக இழுத்து ஓரத்தில் வைத்தார். தேடவில்லை, யோசிக்கவில்லை. கரண்ட் போன சொந்த வீட்டுக்குள் நடக்கிறவரைப் போல அவர் கை போய்க்கொண்டிருந்தது.

சூரியபிரகாஷ் கைபேசியில் இருந்த 'முன்' படத்தை எடுத்துப் பார்த்தான். ஓர் ஐகான்கூட இடம் மாறவில்லை.

கடைசியாக 'மூன்றாம் ஆண்டு நி...' மீது சுட்டி பட்டது. மறைந்திருந்த மிச்ச எழுத்துகள் விரிந்தன.

மூன்றாம் ஆண்டு நினைவஞ்சலி, அன்பு மகள் பவதாரிணி.



சூரியபிரகாஷுக்கு ஏதாவது செய்தாக வேண்டும் போலிருந்தது. சுட்டியை வாங்கிப் படங்கள் கிடந்த ஃபோல்டரைத் துழாவினான். திரை கறுப்பதற்கு முன் முகப்பில் இருந்த படம் அகப்பட்டது. போட்டான்.

பைக் டேங்கின் மேல், யூனிஃபார்மும் இரட்டைப் பின்னலுமாக ஒரு சிறுமி. காலி இடத்துக்குள் சரியாக வந்து உட்கார்ந்தாள். ஓர் ஐகான்கூட அவள் ரிப்பனைத் தொடவில்லை.

ஆனால் முழுசாகப் பொருந்தவும் இல்லை. தலைக்கு மேலே இரண்டு வரிசை இடம் மிச்சமிருந்தது.

பிழையைக் கண்டதும் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அளவு அவன் தொழில் அல்லவா.

"மேல ரெண்டு வரிசை கூடுதலா விட்டுட்டீங்கண்ணே. பாப்பா இம்புட்டுத்தான்."

"அது நாலாவது படிக்கையில எடுத்தது தம்பி" என்றார் மலையாண்டி. "மூணு வருசமாச்சுல்ல, வளந்திருக்கும். கறுப்பையே போடுங்க."

போட்டான்.

கணினியை அணைக்கச் சுட்டியைக் கீழே கொண்டுபோக வேண்டியிருந்தது. நேராகப் போகாமல், ஓரத்து ஐகான்களின் மேலேயே சுற்றிக் கொண்டுபோனான்.