சிரிக்கக் கூடாத படம்

நெவாடாவின் பழைய வெள்ளிச் சுரங்க ஊர். தெருவில் வேடிக்கைத் துப்பாக்கிச் சண்டை முடிகிறது. செத்தவர்கள் எழுந்து தொப்பியைக் கழற்ற, கூட்டம் கைதட்டுகிறது. சுற்றுலா வருபவர்களுக்குப் பழங்கால உடை மாட்டிப் படம் எடுக்கும் கடைக்குள் படக்காரன் வெண்டல், அந்தக் காலத்து நீளப் பாவாடை மாட்டிய வயதான லோர்னாவை உட்கார வைக்கிறான். பக்கத்து நாற்காலி காலி. "ஐயா எங்கேம்மா?" என்கிறான். "ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் டிக்கெட் போட்டோம், தம்பி. மனுஷன் முந்திப் போய்ச் சேர்ந்துட்டாரு. நாற்காலி இருக்கட்டும்." வெண்டல் ஒரு தொப்பியை எடுத்து அதன்மேல் வைக்கிறான். சன்னல் வெயில் தொப்பியின் தூசியில் மினுங்குகிறது. இங்கே உட்காருகிற யாருக்கும் சிரிப்பை அடக்கத் தெரியாது. "சிரிக்காதீங்க, அந்தக் காலத்துப் படத்துல யாரும் சிரிக்கமாட்டாங்க" என்று அதட்டியே அவன் தொண்டை வறண்டுபோகும். இப்போது கேமராவுக்குப் பின்னால் குனிந்தவன் பொத்தானை அழுத்தாமல் நிற்கிறான். "கொஞ்சம் சிரிங்கம்மா" என்கிறான்.