இருபத்தேழாம் எண் பிரதி

நூற்று நாற்பத்திரண்டு மணி நேரமாக பிரையனி ஒரு பெயரைத் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாள். அந்தப் பெயர் உள்ள தாள் அவளுடைய மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடந்தது. சாவி கோட்டுப் பைக்குள், விரல்களுக்கிடையே.

“பேராசிரியர் டிராமை விட்டு இறங்கிட்டாராம்,” என்றாள் கெர்ரி, போனைப் பார்த்தபடி. “இப்பவாவது சொல்லு. அந்த அறிக்கையை எழுதினது யாரு?”

பிரையனி இழுப்பறைப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

கட்டடக்கலை, நகரத் திட்டமிடல் புத்தகங்கள் மட்டுமே போடும் சின்னப் பதிப்பகம் அது. மெல்பர்னில் அதற்குப் பெரிய பெயர். வரும் பிரதியிலிருந்து எழுதியவர் பெயரையும் தலைப்பையும் நீக்கி, ஓர் எண் போட்டுக் கொடுப்பாள் முதலாளி கெர்ரி. துறையில் பெரிய ஒருவரைத் தேர்ந்து அதை அனுப்பி, கருத்து வாங்குவது பிரையனியின் வேலை. எழுதியவர் யாரென்று இவளுக்குத் தெரியாது. படித்தவர் யாரென்று கெர்ரிக்குத் தெரியாது.

இருபத்தேழாம் எண்ணுக்கு வந்த அறிக்கையில் ஈவிரக்கமே இல்லை. ‘ஆற்றங்கரைப் படிகள் முப்பத்தொன்று என்கிறார். இருபத்தொன்பதுதான். இந்த ஆள் நாற்காலியை விட்டு எழுந்ததே இல்லை. அச்சடித்தால் காகிதத்துக்குக் கேடு.’

எழுதியவருக்கு அறிக்கையைக் காட்டும் வழக்கம் அங்கே இல்லை. ‘வெளியிட இயலாது’ என்று ஒரு வரி எழுதி, அனுப்பச் சொன்னாள் கெர்ரி. கடிதத்தை அனுப்பும்போதுதான் அது யாருக்குப் போகிறது என்று பார்த்தாள் பிரையனி. பேராசிரியர் டங்கன் ரோஸ்கோ.

கதவு படாரென்று திறந்தது. குடையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றார் ரோஸ்கோ.

“உங்க மாடிக்கு முப்பத்தெட்டு படி. ஆறாவது படி ஒரு விரல் உசரம் ஜாஸ்தி. ஒருநாள் யாராவது விழுந்து சாகப் போறாங்க, கெர்ரி.”

“உக்காருங்க டங்கன். காபி?”

“காபி எதுக்கு? எனக்கே ‘இயலாது’ன்னு கடிதமா?”

“பேரை எடுத்துட்டுத்தானே அனுப்பறோம். நீங்களும் எங்களுக்காக எத்தனை பேரைக் கிழிச்சேன்னு நீங்களே பெருமையா சொல்லுவீங்களே!”

“தகுதி இல்லாததைக் கிழிச்சேன். இது அப்படியா? என் பேருக்காக என் மாணவங்க ஆறு பேர் மூணு வருஷம் ராப்பகலா எழுதின புத்தகம்!”

பிரையனி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அவர் அவள் பக்கம் திரும்பினார்.

“நீதானே அனுப்பற பொண்ணு? எந்த அரைவேக்காட்டுக்கு அனுப்பின? அந்த சிட்னிக்காரனா? பேரை மட்டும் சொல்லு. இனி அவன் எந்தப் பதிப்பகத்து வாசலையும் மிதிக்காதபடி பண்றேன்.”

“சொல்லக் கூடாது... அது விதி.”

கெர்ரியின் கண்கள் சுருங்கின. “பிரையனி, யாருக்குமே அனுப்பாம நீயே எழுதிட்டியா?”

“ஐயோ, இல்ல!”

“அப்போ பேர் எங்க? வெள்ளிக்கிழமை உன்னை பெர்மனென்ட் பண்றதா இருந்தேன். இப்படி முழிச்சா இன்னிக்கே வீட்டுக்குப் போகலாம்.”

இந்த வேலைக்காகத்தான் பிரையனி ஊரை விட்டு வந்தாள். சொன்னாலும் போகும், சொல்லாவிட்டாலும் போகும்.

“அவன்கிட்ட அவ்வளவு பயமா?” ரோஸ்கோவின் குரல் திடீரென்று இறங்கியது. “பெரிய ஆளோ?”

“ரொம்பப் பெரிய ஆளு.”

“இருக்கட்டுமே. என்னை மீறி உன்னை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. நான் பொறுப்பு.”

“விதியை நான் தளர்த்தறேன். சொல்லு,” என்றாள் கெர்ரி.

பிரையனி கோட்டுப் பையிலிருந்து சாவியை எடுத்தாள். இழுப்பறை திறந்தது. அறிக்கையை எடுத்து, கடைசிப் பக்கத்தில் இருந்த கையெழுத்தைப் பார்த்தாள். பிறகு தலை நிமிர்ந்தாள்.

“நீங்கதான், புரொஃபசர்.”