தரையில் கொடுத்த மடி

“சேர்ல உக்காருங்க மாமா, முதுகு தாங்காது,” என்று இம்மானுவேல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

எங்கள் வம்சத்தில் யாரும் நாற்காலியில் உட்கார்ந்து மடி கொடுத்ததில்லை.

ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கையை ஊன்றாமல் உட்கார்ந்தேன். அதை யாராவது கவனித்தார்களா என்றும் பார்த்துக்கொண்டேன்.

ஒத்தக்கடையில் இருக்கும் என் மகள் ஆர்த்திகாவின் வீட்டுக்கு நான் போனது அன்றுதான் முதல் தடவை. இம்மானுவேல் அவள் புருஷன். வேறு சாதி, வேறு மதம். ஐந்து வருஷத்துக்கு முன் எங்களைக் கேட்காமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டு போனார்கள்.

அன்று அவர்கள் பிள்ளைக்குக் காதுகுத்து.

காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில் இருக்க வேண்டும். தாய்மாமன் என் மகன் விக்ரம். அவன் வரவில்லை. எழுபத்திரண்டு வயதில் நான் வந்திருந்தேன்.

“ஏத்தா ஆர்த்திகா, தாத்தாவே மாமனாயிட்டாராக்கும்? ஒங்கண்ணன் அம்புட்டுப் பெரிய ஆளா?” என்று மாப்பிள்ளையின் பெரியம்மா ராக்கம்மாள் பந்தலுக்கே கேட்கும்படி சிரித்தாள்.

ஆர்த்திகா பிள்ளையின் பாவாடைச் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தாள்.

ஐந்து மாதத்துக்கு முன், நாள் குறிப்பதற்கு முன்பே, அண்ணனை அழைக்கத் தேங்காய் பழத் தட்டோடு கே.கே. நகரில் எங்கள் வாசலுக்கு வந்தாள். விக்ரம் வீட்டுக்குள்ளேயே நின்றான். ஒரு சொல் பேசவில்லை. தட்டைச் சுற்றுச்சுவர் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை, “நான் போறேன்,” என்று என் மனைவி சோலையம்மாளிடம் சொன்னேன்.

சொல்லிவிட்டேனே தவிர, நான் தரையில் உட்கார்ந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. முதுகு கூனத் தொடங்கியிருந்தது. மாடிப்படியில் பாதியில் மூச்சு வாங்கும். போன் பார்ப்பதுபோல் நின்றுகொள்வேன்.

பூங்காவில் யோகா சொல்லிக்கொடுக்கும் நாகஜோதியிடம் போனேன். நெஞ்சைத் தள்ளி விறைப்பாக உட்கார்ந்து காட்டினேன்.

“அய்யா, நீங்க நிமிந்து உக்காரல. மூச்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க,” என்றாள்.

என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. கோபத்தோடு வீட்டுக்கு வந்து, மொட்டை மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு, அவள் சொன்னபடியே மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கிப் பார்த்தேன்.

பிறகு தினமும் காலை ஐந்தரைக்கு மாடிதான். பூனை மாதிரி முதுகை வளைத்து நிமிர்த்துவது. சுவரில் குதிகால், இடுப்பு, தோள், பின்மண்டை நான்கும் படும்படி நிற்பது. நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுவது. முதல் மாதம் பின்மண்டை சுவரில் படவே இல்லை.

சம்மணம் கொஞ்சம் பழகியதும் சோலையம்மாள் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தாள். அடுத்த மாதம் பத்து கிலோ.

“மூணு வயசுப் பிள்ள, பன்னெண்டு கிலோவாவது இருக்காது?” என்றாள். நாங்கள் இருவரும் அந்தப் பிள்ளையைப் பார்த்ததில்லை.

இப்போது பிள்ளை மடிக்கு வந்தது. அரிசிப் பை அசையாது; இது நெளிந்தது, உதைத்தது, என் சட்டைப் பொத்தானைத் திருகியது.

“பேர் என்ன?” என்றேன்.

“சோலை,” என்றது.

ஆசாரி காது மடலில் புள்ளி வைத்துவிட்டுத் தங்கக் கம்பியை எடுத்தார். பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. உடம்பை விறைத்துக்கொண்டு என் நெஞ்சில் முதுகை அழுத்தியது. என் இடது கால் மரத்துவிட்டிருந்தது. இடுப்பில் பழைய வலி எழுந்தது. சாய்ந்தால் பிள்ளையின் தலை அசையும், கம்பி தவறும். மடி சரியில்லை என்று பந்தல் முழுக்கச் சொல்லும்.

நான்கு எண்ணி இழுத்தேன். ஆறு எண்ணி விட்டேன்.

என் வயிறு ஏறி இறங்க, பிள்ளையின் முதுகும் ஏறி இறங்கியது. மூன்றாவது மூச்சில் அதன் தோள் தளர்ந்தது. அந்த மூச்சிலேயே ஆசாரி ஒரு காதை முடித்தார். அது வீறிட்டு அழுது முடிப்பதற்குள் அடுத்ததையும் முடித்தார்.

ராக்கம்மாள்தான் முதலில் குலவை போட்டாள்.

பிள்ளையைத் தூக்க ஆர்த்திகா குனிந்தாள். எனக்கு மட்டும் கேட்கும்படி, “அண்ணனுக்கு மனசே வரலையாப்பா?” என்றாள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். என் மரியாதைக்கு ஒரு குறையும் வந்திருக்காது. போயிருப்பது அவன் மரியாதைதான்.

“அவன் மேல தப்பில்ல தாயி,” என்றேன். “நீ போன எட்டாம் நாள் அவனையும் உங்கம்மாவையும் குலசாமி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். உன்கிட்டப் பேச மாட்டோம், உன் வாசல மிதிக்க மாட்டோம்னு சூடத்த அடிச்சுச் சத்தியம் பண்ண வச்சேன். உங்கம்மா அழுதுக்கிட்டே அடிச்சா.”

ஆர்த்திகா பிள்ளையோடு என் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்க?” என்றாள்.

என்னைச் சத்தியம் பண்ணச் சொல்ல அன்று அங்கே யாருக்கும் தைரியம் இல்லை.