நடக்கத் தெரிந்த மாப்பிள்ளை

"மகளைக் கலியாணம் முடிச்சா எங்கட வீட்டில இருந்துதானே மாப்பிள்ளை வேலைக்குப் போகவேணும். ஸ்டேசன் மூணு மைல். வாறவனெல்லாம் சைக்கிள் கேக்கிறான்" என்று கந்தப்போடியார் அலுத்துக்கொண்டார்.

"ஒண்டை வாங்கிக் குடுங்களன்" என்றாள் மனைவி சீதேவிப்பிள்ளை.

"நடக்கத் தெரிஞ்சவனாப் பாப்பம்."

அப்போதுதான் யோகராசா அவர் கண்ணில் பட்டான். மட்டக்களப்புக் கந்தோர் ஒன்றில் எழுத்தர் வேலை. ஞாயிறுதோறும் ரயிலில் வந்து இறங்கி, போடியாரின் வயல் வரம்பெல்லாம் நடந்து வாவிக்கரை வரை போய்த் திரும்புவான்.

"என்ன அலுவல் தம்பி?"

"ஒண்டுமில்லைப் போடியார். சும்மா நடக்கிறன்."

"வெயில் சுடாதா?"

"நடந்தா அது தெரியாது."

அடுத்த மாதமே மகளைக் கட்டிக் கொடுத்தார். வீடும் சுற்று வளவும் சீதனமாக எழுதினார். சைக்கிள் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

வேலைக்குப் போகும் முதல்நாள் காலை மருமகன் வாசல் படலையடியில் நின்றான்.

"மாமா, ஸ்டேசனுக்கு வண்டில் கட்டச் சொல்லுங்க."

"நீங்க நடக்கிற ஆளெல்லோ தம்பி?"

"அது உங்கட மகள் வயலுக்குச் சோறு கொண்டு வாறதைப் பாக்க நடந்தது மாமா. இப்பதான் அவ வீட்டிலயே இருக்கிறாவே."

போடியார் வண்டிலில் பூட்ட மாட்டை அவிழ்க்கப் போனார்.