நீலக் கையுறை

வளைகுடா நகரத்து நீதிமன்ற அறையில் ஏசி எலும்பு வரை இறங்குகிறது. கூண்டில் நிற்கும் துவாரகன் துறைமுகக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவன். திருட்டு நடந்த அந்தக் கிடங்கின் உடைந்த பூட்டில் இருந்த ரத்தம் அவனுடையதுதான் என்கிறது நீதிபதி முன் கிடக்கும் டிஎன்ஏ அறிக்கை. வக்கீல் வந்தால்தான் எதுவும் என்று அவன் சொன்ன பிறகும் போலீஸார் அவன் வாயில் பஞ்சுக் குச்சியை விட்டார்கள், அதனால் அறிக்கை செல்லாது என்று வாதாடி முடித்திருக்கிறார் வக்கீலம்மா. நீதிபதி அரபியில் ஒன்றே ஒன்று கேட்கிறார். மொழிபெயர்ப்பாளர் ராஜிக் தமிழில் சொல்கிறார்: "வக்கீல் வேணும்னு சொன்ன ஆளு, குச்சியை நீட்டினதும் ஏன் தம்பி வாயத் தொறந்தீங்க? யாராச்சும் அடிச்சாங்களா?" அடித்தார்கள் என்றால் வேலை சுலபமாக முடிந்துவிடும், ராஜிக்கே அதைத்தான் எதிர்பார்க்கிறார். துவாரகன் கம்பியைத் தடவுகிறான். "ஒருத்தரும் அடிக்கேல்ல அண்ண. பதினொரு வருசமா விசா மெடிக்கலுக்குப் போறன். கிளவுஸ் போட்ட ஆக்கள் திற எண்டா திறக்கிறனான், நீட்டு எண்டா நீட்டுறனான். ஏனெண்டு கேட்டா விசா அடிப்பினமோ?"

அதை அரபியில் சொல்லும்போது ராஜிக்கின் விரல்கள் தன் முழங்கை மடிப்பைத் தேடுகின்றன. போன மாதம்தான் அவரும் விசா மெடிக்கலில் அங்கே ஊசி குத்தக் கொடுத்துவிட்டு வந்தார், எதற்கென்று கேட்காமல். நீதிபதி வெகுநேரம் துவாரகனையே பார்க்கிறார். பிறகு அறிக்கையை உறைக்குள் போட்டு எழுத்தரிடம் தள்ளுகிறார்: "இது இந்த வழக்கில் சாட்சியம் இல்லை." அவனைக் கூட்டிப்போக வந்த காவலர், உடம்பைத் தடவிச் சோதிப்பதற்காக நீலக் கையுறையை மாட்டுகிறார். ரப்பர் படக்கென்று மணிக்கட்டில் அடிக்கிறது. யாரும் சொல்லாமலே துவாரகனின் வாய் திறந்துகொள்கிறது.